கசியாத கேபிள்

தங்கையைப் பார்த்துவிட்டு நேராக வேலைக்கு வந்த போர்மேன், ஃபீடர் கேபிளில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கரை மாட்டி ஐயாயிரம் வோல்ட் ஏற்றினார். மூன்று கிலோமீட்டர் தள்ளி, மறுமுனையில், கேபிளுக்கு ஜாயின்ட் போட்ட தங்கை புருஷன் போனில் இருந்தான்.

“ஒரு நிமிஷம் போதுமே மச்சான்?”

“உங்க ஜாயின்ட்டாச்சே மாப்ள, பத்து நிமிஷம் பாத்துடுவோம்.”

முள் ஏறிக்கொண்டே போனது. துளிகூடக் கசிவில்லை.

“பிரமாதம் மாப்ள! என் சர்வீஸ்ல இப்படி ஒரு ரீடிங் பாத்ததில்ல.”

மச்சான் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

“அப்ப முனையைத் துடைச்சு மாட்டிடவா? டிஸ்சார்ஜ் பண்ணியாச்சில்ல?”

“எல்லாம் ஆச்சு. கிளவுஸைக் கழட்டிட்டு நிதானமா மாட்டுங்க.”

போனில் ஏதோ விழுந்த சத்தம். அப்புறம் சத்தமே இல்லை.

கசியாத கேபிள், ஏற்றிய மின்சாரத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும். அதைத் தரையில் இறக்கிவிடும் எர்த் ராடு இன்னும் வேனிலேயே கிடந்தது. போர்மேன் இப்போதுதான் போய் எடுத்துவந்து, பார்ப்பவர்களுக்காக, ஒழுங்காக மாட்டிவைத்தார்.

பிறகு தங்கைக்குப் போன் போட்டார். காலையில் வீங்கிய கன்னத்தோடு, “அவரை ஒரு வார்த்தை கேக்க மாட்டியாண்ணா?” என்று அழுதவள்.

“கேட்டுட்டேம்மா” என்றார்.