சினை நண்டு
மாஹுல் கழிமுகத்தில் நீர் வற்றி, சேறு காலை வெயிலில் மின்னுகிறது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த பேராச்சியின் நண்டு வலையைப் பிடுங்கிய வனக் காவலர், கோளி மீனவப் பெண் யமுனாபாயைத் தடுக்கவில்லை; அவர்களுக்குப் பரம்பரை உரிமையாம். "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானய்யா? எங்க வீட்டுல அவிய சளியில மூச்சுவிட முடியாமக் கெடக்காவ. ரசத்துக்கு ரெண்டு நண்டு பிடிக்கக் கூடாதா?" என்று பேராச்சி பொருமுகிறாள். யமுனாபாய் தன் கூடையிலுள்ள நண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி வயிற்றைப் பார்த்து, சினை நண்டுகளைத் தண்ணீரில் விடுகிறாள். மிஞ்சிய நான்கில் இரண்டை நாரால் கட்டி, "லே ஜா" என்று நீட்டுகிறாள். பேராச்சி இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறாள். பிறகு, காவலருக்குத் தெரியாமல் தூக்குவாளியில் ஒளித்திருந்த நண்டை எடுத்துப் புரட்டுகிறாள். வயிறு நிறையச் சினை. குனிந்து தண்ணீரில் விட்டுவிட்டு, "நல்லா இருக்கணும் தாயி" என்கிறாள், யமுனாபாயைப் பார்த்து.