இரண்டு முட்டைக்குத் தண்டனை

இரண்டு அவித்த முட்டைக்காக ஒரு பெண்ணைப் பரீட்சை முடிகிறவரை வெங்காயம் உரிக்கவைப்பது எந்த ஊர் நியாயம் என்று வக்கீலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வக்கீல் என்றால் நிஜ வக்கீல் இல்லை. சட்டம் முதல் வருஷம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் குழாயையே குறுக்கு விசாரணை செய்கிற வாய் என்பதால், விடுதியில் எல்லாருக்கும் அவள் வக்கீல்தான்.

முட்டை வழக்கில் மாட்டியவள் அவளுடைய அறைத்தோழி குருவி.

குருவி செய்ததும் கோமாளித்தனம்தான். விடுதியில் சேரும்போது சாப்பாட்டுத் திட்டம் மூன்று விதம் என்றார்கள். மூன்று வேளை, இரண்டு வேளை, காலை மட்டும். மற்ற பெண்கள் வீட்டுக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, குருவி மட்டும் யாரையும் கேட்காமல் காலை போதும் என்றுவிட்டாள். இருப்பதிலேயே மலிவு அதுதான்.

"அப்போ ராத்திரிக்கு?" என்றாள் வக்கீல்.

"காலையில எவ்வளவு வேணா சாப்பிடலாம்னு சொன்னாங்கல்ல. ஒரே தடவையா ஏத்திக்கிட்டா போச்சு. ஒட்டகம் என்ன மூணு வேளையா தண்ணி குடிக்குது?"

ஒட்டகம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. காலையில் ரொட்டியாக உள்ளே தள்ளிவிட்டு வகுப்பில் தூங்கி வழிந்தாள். சாயந்திரம் ஆனால் வயிறு போடுகிற சத்தத்தை அமுக்கத் தண்ணீராகக் குடித்தாள். வக்கீல் தன் தட்டிலிருந்து அவளுக்கு ஏதாவது எடுத்துவரலாம் என்றால், சாப்பாட்டுக்கூடத்தை விட்டு ஒரு பருக்கை வெளியே போகக்கூடாது என்பது விதி. கடையில் வாங்கித் தரட்டுமா என்று வக்கீல் கேட்டால், பசியே இல்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவ்வளவு ரோஷம்.

அந்த ரோஷம்தான் ஒரு நாள் காலை இரண்டு முட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டப் பார்த்தது.

சமையல்கார அக்காவுக்குத் தொண்டையிலேயே மைக். கையில் கரண்டியோடு குறுக்கே வந்து நின்றாள்.

"பையில என்ன?"

குருவி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்கா பையை ஒரு தட்டுத் தட்டினாள். ஓடு நொறுங்கிய சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"எதுக்குடி இது?"

"சாயந்திரத்துக்கு" என்றாள் குருவி, தரையைப் பார்த்து.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "திருட்டுக் கழுதை. இன்னையிலேர்ந்து தினம் சாயந்திரம் என் சமையலறைக்கு வர்ற. வெங்காயம் உரிக்கிற. பரீட்சை முடியற வரைக்கும். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, அதனால நீயும் பிழைச்சுப் போ."

அன்றிலிருந்து குருவி கண் சிவக்க, வெங்காய வாடையோடு அறைக்கு வருவாள். வந்ததும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

"அழுதியாடி?"

"வெங்காயம்டி."

"வார்டன்கிட்ட நான் பேசறேன்."

குருவி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இதை மட்டும் விட்டுடு."

மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று வக்கீலுக்கு உறுதியாகிவிட்டது. மறுநாள் சாயந்திரம் நேரே வார்டனிடம் போய் நின்றாள்.

வார்டன் மேடம் தலையைக்கூட விதிப்படிதான் வாரியிருப்பார். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் யாரும் அந்த விடுதியில் இல்லை. வக்கீல் மூச்சு விடாமல் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "வா, நேர்லயே பாத்துடுவோம்" என்று எழுந்தார்.

சமையலறையில் குருவி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உரித்த வெங்காயம் நாலைந்து கிடந்தது. மடியில் ஒரு தட்டு. தட்டில் சோறு மலையாகக் குவிந்திருந்தது. அக்கா அதன் தலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உப்பு சரியா இருக்கா, பாத்துச் சொல்லு."

"சரியா இருக்குக்கா."

"ஒரு வாயில என்ன தெரியும்? தட்டு காலியாகற வரைக்கும் பாரு."

அப்போதுதான் இரண்டு பேரும் வாசலைப் பார்த்தார்கள். கரண்டி அந்தரத்தில் நின்றது.

"இவளுக்குக் காலைச் சாப்பாடு மட்டும்தானே?" என்றார் வார்டன்.

"உப்புப் பாக்கறா மேடம்." அக்காவின் மைக் வேலை செய்யவில்லை.

வக்கீலுக்குக் காது சூடாகிவிட்டது. குருவி ஏன் கெஞ்சினாள் என்று இப்போது புரிந்தது. இனி குருவிக்கு ராத்திரிச் சோறு போகும். அக்காவுக்கு வேலையே போகும். இரண்டுக்கும் தன் வாய்தான் காரணம்.

"நீ ஏதோ புகார்னியே. அவங்க முன்னாடியே சொல்லு" என்றார் வார்டன்.

குருவியின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வக்கீலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீல் தொண்டையைச் செருமினாள்.

"புகார்தான் மேடம். இந்தத் தண்டனை பத்தாது."

"என்னது?"

"சாதாரணக் குத்தமா மேடம்? முட்டை. அதுவும் அவிச்ச முட்டை. பரீட்சை முடிஞ்சதும் விட்டுட்டா இவ திருந்தவே மாட்டா. அடுத்த வருஷமும் உரிக்கணும். உப்பும் பாக்கணும். உரிக்கறதைவிட அதுதான் மேடம் பெரிய சித்திரவதை."

வார்டன் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை என்ன பண்றா?"

"அன்னைக்கு எனக்கு லீவுங்க" என்று இழுத்தாள் அக்கா. "அதனால இவளையும் விட்டுட்டேன்."

"தண்டனைக்கு ஏது லீவு?" வார்டன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்கு அனுப்பு. வெங்காயமெல்லாம் நானே உரிச்சுக்குவேன். உப்புப் பாக்கத்தான் ஆள் இல்லை."