கையை விட்டவள்

"பையனை இடுப்பிலே தூக்கிக்கிட்டு, பொண்ணைக் காட்டிலே விட்டுட்டு வந்தாளே, அவ வூடு இதுதான்."

யாரோ யாருக்கோ காட்டிக்கொண்டு போனது, வாசலில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்த ஜெகதாம்பாள் காதில் விழுந்தது. கரிப்புகையில் ஓடும் பெரம்பலூர் பஸ்ஸில் வந்தவர்கள் போலிருக்கிறது. அரியலூர் சந்தைக்கு வருகிறவர்களுக்கு இப்போது இந்த வீடும் ஒரு வேடிக்கை.

ஜெகதாம்பாள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் மட்டும் என்ன சொல்வது? மூன்று பெண்களைப் பெற்றவள் அவள். அவள் மனசிலும் அதே முள்தான் தைத்திருந்தது.

நாத்தனார் கமலவேணி பர்மாவிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. ரங்கூனில் ஜப்பான்காரன் போட்ட குண்டில் புருஷன் போய்விட்டான். சனத்தோடு சனமாகக் காட்டு வழியே நடந்து, கப்பலேறி, ரயிலேறி, ஒரு நாள் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு வயசுப் பையன். ஆறு வயசு மகளைக் காணோம். ரங்கூனிலிருந்து கடிதம் வந்தே வெகு காலமாயிருந்ததால், இப்படி ஒரு பையன் இருப்பதே இங்கே யாருக்கும் தெரியாது.

"பொண்ணு எங்கே?" என்று அண்ணன் சிவசுப்பிரமணியன் கேட்டதற்கு, "கூட்டத்திலே கையை விட்டுட்டேண்ணே" என்றாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

திருச்சியிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். அவரிடம் மட்டும் பேசினாள். மகளின் பெயர், நெற்றியில் இருந்த தழும்பு, உடுத்தியிருந்த நீலப் பாவாடை, எல்லாம் சொன்னாள். எழுதிக்கொள்கிறாரா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். அவர் பார்வையெல்லாம் மடியிலிருந்த பையன் மேலேயே இருந்தது.

'மகனைச் சுமந்தாள், மகளை மறந்தாள்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. பையனுக்கு இடது கையில் ஆறு விரலாம், அந்த அதிர்ஷ்டம்தான் அவனைக் காப்பாற்றியதாம். மகளின் பெயரும் இல்லை, தழும்பும் இல்லை.

அடுத்த வாரம் வாசகர்கள் எழுதினார்கள். இவளும் ஒரு தாயா என்று கேட்டிருந்தார் ஒருவர். பெண் என்றால் அத்தனை இளப்பமா என்று ஏதோ ஓர் ஊர் மாதர் சங்கம் தீர்மானமே போட்டது. எதிர்வீட்டுப் பூங்காவனம் பத்திரிகை படிக்கிறவள் அல்ல. அவள் நேரிலேயே சொன்னாள்.

"பொழைக்கத் தெரிஞ்சவதான். ஒரு கல்யாணச் செலவு மிச்சம்."

கமலவேணி அண்ணனிடம் மட்டும் ஒன்று கேட்டாள்.

"அந்தப் பேப்பர்காரரை இன்னொரு தரம் வரச் சொல்லுங்கண்ணே. என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்கட்டும். எம் பொண்ணு பேரை மட்டும் போடச் சொல்லுங்க."

அவர் வரவில்லை.

ரயில் கூவினால் கமலவேணி வாசலுக்கு வந்துவிடுவாள். ஜெகதாம்பாளின் கடைசிப் பெண்ணுக்குத் தலை பின்னி முடித்தாலும் பின்னலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பாள். "விடுங்கத்தே" என்று குழந்தை சொன்ன பிறகுதான் விடுவாள்.

அன்றைக்கு ஸ்டேஷன் கூலி சாமிதுரை மூச்சு வாங்க ஓடி வந்தான். ரங்கூன் பொம்பளை ஒருத்தி ரயிலை விட்டு இறங்கியிருப்பதாகவும், பேப்பரைக் காட்டி இந்த வீட்டுக்கு வழி கேட்பதாகவும் சொன்னான்.

"பிள்ளை விஷயமா வந்திருக்கேன்னாங்கம்மா. பின்னாலேயே வராங்க."

கமலவேணி பையனை வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். தெருவே கூடிவிட்டது.

வந்தவள் எலும்பும் தோலுமாக இருந்தாள். கமலவேணி அவளைப் பார்க்கவேயில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தாள். கூட யாரும் வரவில்லை.

அந்தப் பெண் வாசலுக்கு நாலடி தள்ளியே நின்றுவிட்டாள். அவள் கண் பையனின் இடது கையில் இருந்தது.

"ராசா" என்றாள்.

கமலவேணி அந்தப் பார்வை போன இடத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு நடந்து போய்ப் பையனை அவள் கையில் கொடுத்தாள்.

"தட்டிக் குடுத்தாத்தான் தூங்குவான். பேரு தெரியாததாலே தம்பி தம்பின்னே கூப்பிட்டேன்."

வந்தவள் பெயர் கொளஞ்சியம்மாள், ஆண்டிமடத்துப் பக்கம் பிறந்தவள். மெட்ராஸ் அகதிக் கேம்ப்பில் யாரோ பேப்பர் படிக்க, ஆறு விரல் என்று காதில் விழுந்து ஓடி வந்திருக்கிறாள். நடை வழியில் காய்ச்சல் கண்டு நினைவு தப்பி விழுந்தவளைச் செத்துவிட்டாள் என்று எல்லோரும் தாண்டிப் போயிருக்கிறார்கள். பக்கத்தில் குழந்தை கதறிக்கொண்டு கிடந்தது.

"குனிஞ்சு அவனை எடுக்கத்தான் அண்ணி அவ கையை விட்டேன்" என்றாள் கமலவேணி. "அதுக்குள்ளே பிளேன் சத்தம் கேட்டு சனம் ஓடுச்சு."

"ஊரே காறித் துப்பிச்சேடி. உம் பிள்ளை இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா, என்ன சாதின்னு கேப்பீங்க. எனக்குத் தெரியாதுங்க. அவனுக்குப் பால் வேணும்."

எதிர்வீட்டு வாசலில் பூங்காவனம் கதவோரம் ஒதுங்கினாள்.

கொளஞ்சியம்மாள் மகனின் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்க பொண்ணு பேரு என்னாங்க? மெட்ராஸ் கேம்ப்புக்கு இன்னும் சனம் வந்துக்கிட்டேதான் இருக்கு. போயி ஒவ்வொருத்தரா கேக்கறேன்."

இத்தனை நாளில் அதை ஒருவரும் கேட்டதில்லை.

"வேம்பு" என்றாள் கமலவேணி. கொளஞ்சியம்மாளுக்குக் கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொன்னாள். "வேம்புங்க. நெத்தியிலே தழும்பு இருக்கும்."

ஜெகதாம்பாள் உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

கொளஞ்சியம்மாள் வழக்கப்படி தள்ளி நின்று, மகனை முழங்கையால் இடுக்கிக்கொண்டு, குனிந்து இரண்டு கையையும் குவித்து வாய்க்கு நேரே ஏந்தினாள்.

ஜெகதாம்பாள் சொம்பைச் சாய்க்கவில்லை. தெரு பார்த்துக்கொண்டிருக்க, அதை அந்தக் கைகளிலேயே வைத்தாள்.