தாய்மாமன் பெயர்

அச்சகத்துக் கணினிக்குத் தன்னைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. "சொன்னதை உடனே செய்வேன். எதையும் மறக்கமாட்டேன்" என்று மவுஸிடம் பீற்றிக்கொண்டது.

மகளின் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவருக்கு மைத்துனரோடு சண்டை. "தாய்மாமன் பேரைத் தூக்கிடும்மா!" என்று கத்திவிட்டுப் போனார். டிசைனர் அமுதவல்லி தலையாட்டினாள்.

மறுநாள் காலையில் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அந்தப் பேரை எடுத்துட்டியாம்மா?"

"ஐயோ, மறந்தே போயிட்டேன் சார்."

"நல்லதாப் போச்சு, இருக்கட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தாயா, மனுஷ மறதியை! நானாயிருந்தால் நேற்றே அழித்திருப்பேன்" என்று கணினி மார்தட்டியது.

"தெரியும்" என்றது மவுஸ். "நேற்று என்மேல் விரலை வைத்துக்கொண்டு, அந்தப் பெயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை அழுத்தவேயில்லை."