ஐம்பத்தைந்து மில்லிமீட்டர்

கஃப்ஸாவில் வாடகை வேன் ஓட்டும் மோன்சிஃபின் மனைவி லத்தீஃபாவுக்கு மறுநாள் காலை ஸ்ஃபாக்ஸில் டயாலிசிஸ். உட்கார முடியாதவளைப் படுக்கவைத்துக் கொண்டுபோக அந்த வேனை விட்டால் வேறு வழியில்லை. அதன் இன்ஜினோ மெக்கானிக் திஜானியின் பட்டறையில் பிரிந்து கிடந்தது.

ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் விட்டம் இருந்த கிராங்க் ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டு தேய்ந்துபோனதால், பேரிங் உட்காரும் ஐந்து இடங்களையும் கால் மில்லிமீட்டர் கடைந்து குறைத்து, அதற்கேற்ற தடித்த பேரிங்குகளை வாங்கியிருந்தார்கள். நான்கு சரியாக உட்கார்ந்தன. நடுவில் மட்டும் இறுகிக்கொண்டது. திஜானி அளந்து பார்த்தான். அங்கே மறுபடியும் ஐம்பத்தைந்து.

திரும்பக் கடைந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து அளந்தபோது ஐம்பத்தைந்தையும் தாண்டியிருந்தது.

"இரும்பு எங்கயாச்சும் வளருமா அண்ணே? இந்த அளவுக்கு எவனும் பேரிங் செய்யல. என்னால ஆகாது."

"அவ செத்துருவாடா! இன்னொரு தடவ கடை."

திஜானி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். மோன்சிஃப் அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை எடுத்து ஷாஃப்டின் நடு இடத்தில் மாட்டி, திருகை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். போன் அடித்தது. லத்தீஃபாதான்.

"வண்டி ரெடியாங்க?"

"ஆயிடுச்சு. காலைல கிளம்பிடலாம்."

ஷாஃப்ட் தள்ளத் தள்ள, அவன் விரல்களுக்குள் திருகு மெல்லப் பின்னோக்கிச் சுழன்றுகொண்டிருந்தது.