சத்தமில்லாத வண்டி

“உனக்கு எந்த வண்டி புடிச்சிருக்கு, பாப்பா?” என்று வண்டிக் கடைக்காரர் டெல்பர்ட் என்னைக் கேட்டார்.

அமெரிக்காவின் மோன்டானாவில் உள்ள எங்கள் பண்ணைக்கு அப்பா பெரிய பிக்கப் வண்டி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அது வைக்கோலும் சுமக்க வேண்டும், வேட்டைக்கும் ஓட வேண்டும்.

“பெட்ரோல் வண்டியையே எடுத்துக்க, ஹார்லன். எந்தக் குளிர்லயும் சாவியத் திருப்பினதும் கிளம்பும். பக்கத்துல வந்து நின்னாலும் சத்தமே கேக்காது,” என்றார் டெல்பர்ட் அப்பாவிடம்.

“அதான்யா எனக்கு வேணும். என் டீசல் வண்டி போடுற கூச்சல்ல மானெல்லாம் அடுத்த மாவட்டத்துக்கே ஓடிடுது!” அப்பா சிரித்தபடி கையெழுத்துப் போடக் குனிந்தார்.

“டீசலே இருக்கட்டும்பா,” என்றேன்.

“பாருய்யா, மான் மேல இவளுக்கு இருக்குற பாசத்த!”

“பயப்படாத பாப்பா. உங்கப்பா சுடுற லட்சணம் எனக்குத் தெரியும், மான் பொழச்சுக்கும்,” என்றார் டெல்பர்ட்.

“மானுக்காக இல்ல,” என்றேன். “அப்பா குடிச்சிட்டு வர்றப்ப, ஓடைப் பாலத்துலயே வண்டிச் சத்தம் கேட்டுடும். அதுக்குள்ள நானும் அம்மாவும் உள்ள போயி தாழ்ப்பாள் போட்டுக்குவோம்.”

டெல்பர்ட்டின் சிரிப்பு நின்றது. அப்பா கையெழுத்துப் போடவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.