முன் சக்கரம்

"அம்மா, சைக்கிள்ல முன் சக்கரத்தக் காணோம்!"

சுவாதி போட்ட சத்தத்தில் சுகுணா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். வாசலில் மகளின் கியர் சைக்கிள் முன்பக்கம் தரையில் இடிக்கச் சாய்ந்து கிடந்தது. லீவரைத் திருப்பினால் ஸ்பேனரே இல்லாமல் கையோடு வந்துவிடும் சக்கரம் அது.

"இப்பத்தானடி பாத்தேன், இருந்துச்சே?"

"அதோ பாரும்மா!"

பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது சக்கரம். அருகிலேயே சென்னம்மாள் நின்றிருந்தாள். ஒளிக்கவும் இல்லை, ஒளியவும் இல்லை.

சுகுணாவுக்கு ஒன்றும் புரியவில்லை. குழாயடிச் சண்டைக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. அதற்காக இப்படியா?

யூனிஃபார்மோடு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிய அவள் கணவன் பாஸ்கரன் கத்தினான்.

"தண்ணிச் சண்டைக்குப் புள்ளயோட சைக்கிள்தான் கெடச்சுதா? போலீஸக் கூப்பிடறேன் இரு!"

"கூப்பிடுங்க" என்றாள் சென்னம்மாள்.

சுகுணாவுக்குக் குழப்பம் இன்னும் கூடியது. "என்னக்கா இது? வேணும்னேவா எடுத்தீங்க?"

"வேணும்னேதான். இன்னிக்கு இந்தப் புள்ள அதுல போகக்கூடாது."

"அதச் சொல்ல நீ யாரு?" பாஸ்கரன் பாய்ந்தான்.

சென்னம்மாள் அவனைப் பார்க்கவே இல்லை. "நேத்து சாயங்காலம் என் கண்ணாலயே பாத்தேன். என்ன ஆச்சுன்னு நீயே சொல்லு கண்ணு."

சுவாதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாக்கடையத் தாண்டறதுக்கு ஹேண்டில்பாரத் தூக்கினேன்பா. சக்கரம் கழண்டு கீழ விழுந்துடுச்சு. திட்டுவீங்கன்னு நானே மாட்டிட்டேன்."

மகள் தினமும் போகும் தேன்கனிக்கோட்டை ரோட்டு லாரிகள் சுகுணாவின் கண்முன் வந்தன.

"வாயத் தெறந்து சொல்லியிருக்கலாமேக்கா!"

"நான் சொன்னா கேக்கற மாதிரியா இருந்தீங்க?"

பாஸ்கரன் விடவில்லை. "சும்மா கதை விடாதீங்க. லீவர் லூஸானாலும் சக்கரம் அப்படி விழாது. நழுவாமப் பிடிச்சுக்கறதுக்குன்னே சக்கரம் மாட்டற ஃபோர்க் நுனியில ரெண்டு பக்கமும் சின்னதா மேடு வெச்சிருப்பான்..."

சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

சுகுணா குனிந்து ஃபோர்க் நுனியைத் தடவினாள். இரண்டு பக்கமும் வழவழவென்றிருந்தது. பெயின்ட் போய் இரும்பு பளபளத்தது.

"மேடு எங்கங்க?"

பாஸ்கரன் குரல் இறங்கிப்போனது.

"ராத்திரி சக்கரத்தச் சீக்கிரமாக் கழட்டி வீட்டுக்குள்ள வைக்கலாம்னு... நான்தான் அரத்தால ராவி எடுத்துட்டேன். அக்கம்பக்கத்துல யாராவது திருடிட்டா என்ன பண்றதுன்னு..."